மணிக்கட்டு அக்கா

மணிக்கட்டு அக்கா இருக்கும்வரை தூத்துக்குடியில் யாரும் கையை மடக்கி நிம்மதியாக வாழ்ந்துவிட முடியாது. புரோட்டா வீசுகிறவரிடம், "ஏலே, கையை நேரா வச்சு வீசு" என்பார். டிக்கெட் கிழிக்கிற கண்டக்டரிடம் மீதிச் சில்லறை கேட்கமாட்டார். "இப்படி மடக்குனா நாப்பது வயசுல கரண்டி பிடிக்க முடியாது, பாத்துக்க" என்பார். நற்கருணை கொடுத்த சாமியாரையே வரிசையில் நின்று எச்சரித்தார் என்றொரு பேச்சு உண்டு. நான் பார்க்கவில்லை. ஆனால் நம்புகிறேன்.

எங்கள் கோயில் பாடகர் குழுவின் பேஸ் கிட்டார் அவர்தான். கப்பலில் வேலை பார்த்த தம்பியிடம் கிட்டார் கேட்டிருக்கிறார். அவன் விவரம் தெரியாமல் நாலு கம்பி பேஸ் கிட்டாரைத் தூக்கிவந்தான். "மீதி ரெண்டு கம்பியை கஸ்டம்ஸ்ல பிடிச்சுக்கிட்டானா?" என்று தெருவே விசாரித்தது. அந்த ரோஷத்தில் ராப்பகலாக வாசித்து, கையைக் கண்டபடி மடக்கி, கடைசியில் சொந்தக் கொண்டையைக்கூடப் போடமுடியாமல் பல மாதம் கிடந்தார். ஊரார் மணிக்கட்டைக் காக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டது அதற்குப் பிறகு.

பட்டப்பெயர் ஒரு கல்யாணத்தில் கிடைத்தது. மணப்பெண் கோயில் வாசலுக்கு வரும் நேரம், பக்கத்தில் கிட்டார் வாசித்தவனைப் பார்த்து அக்கா "மணிக்கட்டு! மணிக்கட்டு!" என்று கத்தினார். மணியடிக்கத் தயாராக நின்ற, காது சற்று மந்தமான கோயில்பிள்ளை, "மணியைக் கட்டு" என்று கேட்டுக்கொண்டு, மணிக்கயிற்றைத் தூணோடு இறுக்கிக் கட்டிவிட்டார். மணி அடிக்காமலே பெண் உள்ளே வந்தாள். மாப்பிள்ளை வீட்டார் பாதி விருந்துவரை முறைத்துக்கொண்டே சாப்பிட்டார்கள்.

இவரிடம்தான் என் மகள் ரோஸ்லின் பேஸ் கற்றுக்கொண்டாள். நான் கணக்கு டீச்சர். எந்தக் கணக்குக்கும் பதற மாட்டேன். பிள்ளை தும்மினால் மட்டும் ஒன்றும் ஒன்றும் எத்தனை என்பதே மறந்துபோகும். கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி மும்முரமாக நடந்த ஒரு சாயங்காலம், அவள் அடுக்களைக்கு வந்து, "அம்மா, இடது கை மரத்துப்போச்சு" என்றாள். 'இடது கை' என்றதுமே என் காதில் 'மாரடைப்பு' என்று விழுந்துவிட்டது. அவள் வலது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன்.

"நெஞ்சு வலிக்கா?"

"இல்லம்மா."

"வேர்க்கா?"

"நீ இப்படி நெருக்கி உக்காந்தா வேர்க்காதா?"

ஆஸ்பத்திரியில், "பிள்ளைக்கு ஹார்ட் அட்டாக் டாக்டர்!" என்று அலறினேன். அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சக்கர நாற்காலியை என் பக்கம் தள்ளினார். இருவருக்கும் ஈசிஜி எடுத்தார்கள். அவளுடையது ஒழுங்காக இருந்தது. என்னுடையதைப் பார்த்துவிட்டு நர்ஸ் தண்ணீர் கொண்டுவந்தார்.

அதற்குள் ரோஸ்லின் அக்காவுக்குப் போன் போட்டிருக்கிறாள். அவளுடைய பேஸ் கிட்டாரை எங்கள் வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு அக்கா வந்து நின்றார். நான் வெடித்தேன். "இனி இந்தக் கிட்டார் எங்க வீட்டுப் படி ஏறக்கூடாது!" ரோஸ்லினின் முகம் சுருங்கிப்போனது. அக்கா அசரவில்லை.

"முதல்ல பிள்ளை கையை விடுங்க டீச்சர். கிட்டார் பெல்ட்டை மாட்டிப் பாக்கணும்."

அப்போதுதான் பார்த்தேன். அடுக்களையில் பிடித்த கையை நான் இன்னும் விடவில்லை.

"இப்ப வலது கையும் மரத்துப்போச்சும்மா" என்றாள் ரோஸ்லின்.

பெல்ட்டை மாட்டினால் கிட்டார் தொடைக்குக் கீழே தொங்கியது. இடது மணிக்கட்டு தூண்டில் முள்ளாக வளைந்தது.

"ஏளா, முழங்காலுக்கா வாசிக்க?"

"யூடியூப்ல எல்லாரும் இப்படித்தான் போடுதாங்கக்கா."

"அவனுவ கைக்கு வைத்தியம் பாக்குறதையுமா அதுல போடுதானுவ?" பெல்ட்டைச் சுருக்கி மேலே ஏற்றினார் அக்கா. "உக்காந்து வாசிக்கையில எங்கன இருக்கோ, நிக்கையிலயும் அங்கனதான் இருக்கணும். மணிக்கட்டு நேரா. கட்டை விரலால நெரிக்காத, அது கிட்டார், கோழி இல்ல."

டாக்டர் தலையாட்டினார். "சரிதான். கொஞ்ச நாள் ஓய்வு. மரத்தாலோ வலிச்சாலோ உடனே நிறுத்திடணும். திரும்ப வந்தா என்கிட்ட வரணும்" என்று சீட்டு எழுதத் தொடங்கினார்.

"டாக்டர் தம்பி, பேனாவை இப்படி மடக்கிப் பிடிக்காதீங்க."

அவர் நிமிர்த்திக்கொண்டார்.

"கிறிஸ்துமஸுக்கு வாசிக்கலாமா?" ரோஸ்லின் கேட்டது டாக்டரிடம், பார்த்தது என்னை. நான் பெல்ட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தேன்.

"பெல்ட்டு இந்த உசரத்துலயே இருக்கட்டும்" என்றேன்.

வாசித்தாள். இப்போதும் ஞாயிறுதோறும் வாசிக்கிறாள். பூசையில் எல்லோரும் கண்மூடி ஜெபிக்கும்போது இரண்டு பேர் மட்டும் மூடுவதில்லை. அக்கா என் மகளின் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த முகம் சுளிக்காதவரை என் பிள்ளைக்கு ஒன்றுமில்லை.