சோற்றில் அணை கட்டியவள்

சரியாக மாலை நாலு இருபதுக்கு மழை பிடித்தது. நாலு இருபத்தைந்துக்கு, என் மகள் ஜெனி டியூஷனில் இல்லை என்று தெரிந்தது. மாடியில் குடியிருக்கும் ஜல்லியக்காவோடு ஓடைக்குப் போயிருக்கிறாளாம். இது நடந்து இரண்டு வாரமாகிவிட்டது. மேகம் கறுத்தால் இன்னும் டியூஷனுக்குப் போன் போட்டுவிடுகிறேன்.

ஜல்லியக்காவைப் போல ஒரு பிறவி காரைக்குடியில் இதுவரை குடியேறியதில்லை. இனி இன்னொன்று வந்தால் நான் ஊரைக் காலி செய்துவிடுவேன். வந்த அன்று கட்டில், பீரோவை எதிர்பார்த்து நின்றோம். ஒரு டிராக்டர் ஜல்லியும் ஆள் நீளக் கண்ணாடித் தொட்டியும் வந்து இறங்கின. வெள்ளத் தடுப்பு ஆராய்ச்சியாம். ஜெனி அன்றே 'ஜல்லியக்கா' என்று பெயர் வைத்துவிட்டாள். தொட்டியின் நடுவே ஜல்லியைக் குவித்து, ஒரு பக்கம் நீலம் கலந்த தண்ணீரை ஊற்றிவிட்டு, மறுபக்கம் அது எட்டிப் பார்க்கும்வரை குப்புறப் படுத்திருப்பாள். சலவைக்கு வைத்த நீலமெல்லாம் அங்கே போனது. என் கணவரின் வெள்ளைச் சட்டைகள் பழுப்பேறின.

"தண்ணிய அடைச்சு வைக்கிறதுக்கில்லக்கா இந்த அணை. கல்லு இடுக்கு வழியா வடியவிடணும். மொத்தமாப் பாயுற வெள்ளம் மெல்ல மெல்லப் போகும்" என்பாள்.

ஒருநாள் சாப்பிடக் கூப்பிட்டேன். தட்டின் குறுக்கே சோற்றால் கரை கட்டி, ஒரு பக்கம் சாம்பாரை ஊற்றி, மறுபக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆறிப்போகுது, சாப்பிடு ஆத்தா."

"இருங்கக்கா, இன்னும் கசியல."

மறுநாள் ஜெனியும் கட்டினாள். அடுத்த நாள் என் கணவர்! நான் கெஞ்சினாலும் ஒரு கரண்டிக்கு மேல் சோறு தொடாத ஜெனி, கரை உடைந்துவிட்டதென்று இரண்டாம் முறை சோறு கேட்டாள். எனக்குப் பற்றி எரிந்தது. பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்றால் என்னிடம் "ஒண்ணுமில்லம்மா". மாடியில் மட்டும் மணிக்கணக்கில் சிரிப்பு.

மழை பிடித்த அன்று ஜெனியும் அவளும் போனது, ஜல்லியக்கா சொன்ன கணக்குப்படி அரியக்குடிப் பக்கம் ஓடையின் குறுக்கே ஊர்க்காரர்கள் போட்ட கல் அணையைப் பார்க்க. இருவர் போனும் அணைந்து கிடந்தது.

"அந்தப் புள்ள கணக்குப் போட்டுத்தேன் கட்டச் சொல்லியிருக்கு. பதறாத" என்றார் கணவர்.

"சாம்பாரு வேற, வெள்ளம் வேறங்க!"

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடைத் தரைப்பாலத்துக்குப் போனேன். மழை பிடித்த கையோடு மூழ்கிவிடும் பாலம் அது. அன்று தண்ணீர் கணுக்காலைத் தாண்டவில்லை. பஸ் போய்க்கொண்டிருந்தது.

"மேல, அரியக்குடிப் பக்கம் போட்ட கல்லு நல்லாத்தேன் வேலை செய்யுது. கெட்டிக்காரப் புள்ள!" என்றார் டீக்கடைக்காரர். மகளைக் காணாமல் நிற்கிறேன். அந்த நேரத்திலும் அவளுக்குத்தான் பாராட்டு.

கடைசியில், பாலத்தின் அந்தப் பக்கமிருந்து ஒரே துப்பட்டாவைத் தலைக்குப் போட்டுக்கொண்டு இருவரும் வந்தார்கள். ஜெனி ஓடிவந்து ஒட்டிக்கொண்டாள். ஜல்லியக்கா முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள்.

"உங்க மகளக் கண்டிச்சு வைங்கக்கா. வருசம் பூரா இந்த வெள்ளத்துக்குக் காத்துக்கிடந்தேன். அளவெடுக்க விடல. 'எங்கம்மா பயந்துபோய் நிக்கும், வாங்க'ன்னு இழுத்துக்கிட்டு வந்துட்டா."

ஜல்லியக்காவின் தலையிலிருந்தும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. என் முந்தானையை இழுத்து, பிழிந்து துவட்ட அவள் சடையைப் பிடித்தேன்.

"பிழியாதீக அக்கா. தானா வடிய எவ்வளவு நேரமாகுதுன்னு பாப்போம்" என்றாள்.