குருவி அலகில் இருந்த அழுக்கு

அன்பும் பொறுமையும் மிகுந்த மைத்துனர் அவர்களுக்கு, உங்கள் அத்தான் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அக்காவும் சுகம். நீங்கள் கொடுத்த பழைய கேமராவும், ஒரே ஒரு முறை கீழே விழுந்ததைத் தவிர, சுகம். அங்கேயும் எல்லோரும் விழாமல் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

முதலில் நன்றி. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் சும்மா இருந்தால் சமையலறைக்குள் வந்து குற்றம் கண்டுபிடிப்பார் என்று அக்கா புலம்பியதால்தானே கேமராவைக் கொடுத்தீர்கள்? அன்றிலிருந்து நான் சமையலறை ஜன்னலை விட்டு நகரவேயில்லை. எதிர் மரத்தில் விடிந்தும் விடியாததுமாக ஒரு சின்னக் குருவி பாடுகிறது. 'பாட்டு வாத்தியார்' என்று பெயர் வைத்திருக்கிறோம். ஒரு நொடி ஓரிடத்தில் நிற்காது. முதல் இருநூறு படங்களில் நூற்றுத் தொண்ணூறு வெறும் கிளை, மிச்சம் வால். கடைசியில் ஒரு படத்தில் முழுசாக விழுந்தது, அதுவும் இருட்டாக.

அங்கேதான் என் கை சும்மா இருக்கவில்லை. முப்பத்தொரு வருஷம் ஸ்டூடியோவில் டச்சிங் பார்த்தவன். பரு, மச்சம், கலைந்த முடி எதையும் விட்டுவைத்ததில்லை. உங்கள் கல்யாணப் படத்தில் உங்கள் கன்னத்து மச்சத்தை எடுத்துவிட்டு, கல்யாணப் பெண்ணான தங்கச்சியிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது உங்களுக்கே தெரியும். நீங்கள் சொல்லித்தந்தபடி கம்ப்யூட்டரில் வெளிச்சத்தைக் கூட்டினேன், குறுக்குக் கிளையை எடுத்தேன், அலகில் தொங்கிய அழுக்கையும் சுத்தமாகத் துடைத்தேன். குருவி பாஸ்போர்ட்டுக்கு உட்கார்ந்த மாதிரி இருந்தது.

அந்த நேரம் பார்த்து, வேர் குழாயை உடைக்கிறது, திங்கட்கிழமை மரத்தை வெட்டுகிறோம் என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் நோட்டீஸ் ஒட்டிவிட்டார். படத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். "சார், மேல கூடு இருக்கு. குஞ்சு பொரிச்சிருக்கும் போல" என்றேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "குஞ்சு இருந்தா வாயில இரை இருக்கணுமே. இது சும்மா காத்து வாங்க வந்திருக்கு" என்று கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, மாப்பிள்ளை. அந்தக் குரல் இல்லாத காலையை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. உங்களுக்காகப் பச்சை ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த அக்கா ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "அசலை அழிக்காதீங்கன்னு என் தம்பி தலைதலையா அடிச்சுக்கிட்டானே, அது எங்க?" என்றாள். உங்களுக்குப் பயந்து தனியாகத்தான் வைத்திருந்தேன். திறந்து பார்த்தால், நான் துடைத்தது அழுக்கில்லை, பச்சைப் புழு. அசலைக் கொண்டுபோய்க் காட்டியதும் மனிதர், குஞ்சு பறந்து போகட்டும் என்று, வெட்டுவதை மூன்று வாரம் தள்ளிவைத்துவிட்டார். அதற்குள் குழாயை வேறு வழியாகத் திருப்ப முடியுமா என்றும் பார்க்கிறாராம்.

ஆக, மரம் நிற்பது உங்களால். மனசாரச் சொல்கிறேன், இந்த உதவியை மறக்க மாட்டேன். இனிமேல் எந்தப் படத்திலும் கை வைப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். பழைய நெகட்டிவ் கிடைத்தால் உங்கள் மச்சத்தையும் திருப்பித் தந்துவிடுகிறேன். குழந்தைகளுக்கு எங்கள் ஆசிகள். தங்கச்சிக்கு, மச்சத்தின் பொருட்டு, மறுபடியும் என் மன்னிப்பு.

நன்றி மறவாத,
அத்தான்

பி.கு.: நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதற்காகச் செயலாளர் அந்த அசல் படத்தையே பெரிதாகக் கேட்டிருக்கிறார். பெரிதாக்கினால் புழுவின் ஒரு முனையில் முடிச்சு தெரிகிறது. உங்கள் ஸ்வெட்டர் நூல். ஆக, கூடு இப்போதுதான் கட்டுகிறது. முட்டை, குஞ்சு எல்லாம் இனிமேல்தான். மூன்று வாரம் எந்த மூலைக்கு? முதலில் வெறும் வாய், அப்புறம் புழு, இப்போது நூல் என்று போய் நின்றால் மரத்தோடு என்னையும் வெட்டச் சொல்வார். "முடிச்சை எடுத்துட்டு ரெண்டு கண்ணு வச்சிருங்க" என்கிறாள் அக்கா. எனக்கு அழிக்கத்தான் தெரியும். கண் வைக்க எந்தப் பொத்தான் என்று உடனே எழுதவும்.