உலகம் அழிந்த வியாழக்கிழமை

பலேர்மோ,
சனிக்கிழமை.

மதிப்புக்குரிய லூர்து அத்தானுக்கு,

மாதாவின் காவலில் நாங்கள் மூவரும் சுகம். அக்காவின் முழங்காலும் அவ்வாறே இருக்க மன்றாடுகிறோம். உலகம் இன்னும் அழியவில்லை என்பதை முதலில் அறியத் தருகிறேன். வியாழக்கிழமை அதில் சிறிது ஐயம் இருந்தது.

எல்லாம் என் இல்லாள் றோசமலர் வேலை செய்யும் வீட்டு எசமானியம்மா, சிஞ்ஞோரா, கொடுத்தனுப்பிய பழைய ஜப்பானியக் கார்ட்டூன் தொடரால் வந்த வினை. பெரும்போரில் நகரங்கள் எரிந்து, கடல் ஏறி, தீவொன்றில் மிஞ்சிய சிறுவன் தொலைந்துபோன சிறுமியைத் தேடி அலைகிறான். எங்கள் பத்து வயது மகள் கிளறா பார்க்கத் தக்கதோ என்று சோதிக்க ஐந்து நிமிடம் உட்கார்ந்தேன். கடைசி டிவிடி வரை எழும்பவில்லை. அவன் கடலில் பாயும்போதெல்லாம் கிளறா கைதட்டினாள். நான் ஓடுகிறவர்களின் கைகளைப் பார்த்தேன். அத்தனை பேர் ஓடுகிறார்கள், ஒருவர் கையிலும் அடையாள அட்டை இல்லை!

"ஓடேக்கை முதல் எடுக்கிறது பை," என்றேன்.

"அப்பா, இது கார்த்தோனே," என்றாள் மகள்.

நான் விடவில்லை. ஊரில் ஷெல்லடிக் காலத்தில் கதவடியில் வைத்திருந்தோமே, அதே மாதிரிப் பை ஒன்று கட்டினேன். இங்கே வசிக்க அனுமதி தரும் மூன்று பெர்மெஸ்ஸோ, கடவுச்சீட்டுகள், ஞானஸ்நானப் பத்திரங்கள், கல்யாண அல்பம், கிளறாவின் பிறப்புச் சான்றிதழ், பள்ளி அறிக்கை, தடுப்பூசி அட்டை.

வியாழன் மதியம் வியா மக்வேதாவில் ஒரு மாடிப்படியைத் துடைத்துக்கொண்டு நிற்கையில், தெருவிலுள்ள எல்லாத் தொலைபேசிகளும் ஒரேயடியாக அலறின. அரசாங்கத்தின் எச்சரிக்கைச் சோதனை மட்டுமே என்று திரையில் தெளிவாக எழுதியிருந்ததாம். சத்தம் கேட்டபின் நின்று வாசிப்பது எங்களுக்குப் பழக்கமில்லையே, அத்தான். வீட்டுக்கு ஓடினேன், பையைத் தூக்கினேன், இப்படியான வேளைகளில் எங்கே போவோமோ அங்கேயே, கோயிலுக்கு, ஓடினேன். அங்கே எனக்கு முன்னரே பதினொரு தமிழ்க் குடும்பங்கள், ஆளுக்கொரு பையுடன். சைவக்காரியான கீழ்வீட்டு ஞானாம்பிகையும் அந்தோனியார் சுரூபத்தடியில் இருந்தாள்.

"சும்மா மெழுகுதிரி கொளுத்த வந்தனான்," என்றார் அவர்களில் ஒருவரான ஸ்ரான்லி. கையில் ரைஸ் குக்கர் இருந்தது.

"நானும் அதுக்குத்தான்," என்றேன்.

ஞானாம்பிகை என்னைச் சுற்றிப் பார்த்தாள். "அண்ணை, கிளறா எங்கை?"

பையில் அவளுடைய பிறப்புச் சான்றிதழ் இருந்தது, மூன்று பிரதிகளுடன். பள்ளி அறிக்கை இருந்தது, புகைப்படம் இருந்தது. அவள் இருக்கவில்லை.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பாஸ்தா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கிளறா என் நனைந்த சட்டையையும் பையையும் பார்த்தாள்.

"முதல் நீங்கள் இந்த வாசலாலை ஓடேக்கை யன்னலாலை கண்டனான். கூப்பிட்டனான். நீங்கள் திரும்பேல்லை."

அவள் அழவில்லை, அத்தான். அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திராது.

இவள் இங்கே பிறந்தவள். எதற்கும் ஓடி அறியாதவள். என் பயத்தை அவளுக்குப் பழக்கக் கூடாது என்று இன்று காலை அவள் முன்னாலேயே பையைக் கலைத்துவிட்டேன். கார்ட்டூன் தொடரும் சிஞ்ஞோராவிடம் திரும்பிவிட்டது. வீட்டில் சமாதானம். அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு; செபத்தில் எங்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பணிவுள்ள மைத்துனன் இராஜநாயகம்

பி.கு.: பை மறுபடி கட்டப்பட்டுவிட்டது. கிளறா கட்டுவித்தாள். எடுக்க வேண்டியவற்றின் பட்டியலைத் தன் கையாலேயே எழுதிக் கதவில் ஒட்டியிருக்கிறாள். முதலாவது, கிளறா. "ரெண்டாவது என்ன, சொல்லுங்கோ," என்றாள். "பெர்மெஸ்ஸோ," என்றேன். அதைக் கேட்ட றோசமலர் குசினியிலிருந்து வெளியே வருகிறாள். இத்துடன் முடிக்கிறேன்.