என் கடைக்கு நானே தேடிக்கொண்ட கூட்டாளி

பொறாமைப்படுவதில் நான் யாருக்கும் இளைத்தவனல்ல. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் கண்டியில் என் கடைக்கு நேரெதிரே என் மனைவியின் நானா, அவளுடைய சொந்த அண்ணன், கடை போட்டார். அன்று பற்றிய வயிற்றெரிச்சல் லேசில் அணையவில்லை.

மச்சான் கடையில் கொழும்பிலிருந்து வரும் ஒரு கம்பெனிக் குடை. ஊருக்கு ஒரு கடைக்குத்தான் அதன் ஏஜென்சி. (கண்டி மழைக்குக் குடை விற்பதெல்லாம் ஒரு கெட்டிக்காரத்தனமா?) அதையாவது பொறுத்திருப்பேன். அரசாங்கக் கச்சேரியில் வியாபாரப் பெயரைப் பதிந்து, அந்தப் பத்திரத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். அதில் அவர் பெயரும் அவருடைய கூட்டாளி பெயருமாக இரண்டு பெயர்கள்! எனக்குச் சோறு இறங்கவில்லை.

வக்கீல் வேலை பார்க்கும் பிரக்கிராசியாரிடம் ஓடினேன். யாழ்ப்பாணத்து மனிதர், சட்டம் கரைத்துக் குடித்தவர்.

"நீங்கள் சொந்தப் பேரிலைதானே கடை நடத்திறியள்? அதுக்குப் பதிவு தேவையில்லை."

"மச்சானுக்கு மட்டும் ஈக்கே!"

"அவர் வேறை பேர் வைச்சிருக்கிறார். கூட்டாளியும் இருக்கு."

"அப்ப எனக்கும் வேற பேர் வைங்க. கூட்டாளியும் போடுங்க. என்ட பொஞ்சாதிய!"

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "யோசிச்சுச் செய்யுங்கோ. கடை விசயத்திலை ஒரு கூட்டாளி கையெழுத்து வைச்சால் மற்றவரையும் அது கட்டுப்படுத்தும்."

நான் எங்கே கேட்டேன்? மச்சானுடையதைவிட ஒரு சாண் பெரிய கண்ணாடிச் சட்டம் எங்கே செய்விக்கலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

பத்திரம் வந்தது, மாட்டினேன். அத்தோடு நின்றேனா? அந்தக் குடை ஏஜென்சியையும் மச்சானிடமிருந்து பிடுங்கக் கொழும்புக்குக் கடிதம் போட்டேன். ஏஜென்ட் துரை ஒப்பந்தத்தோடு வந்து சேர்ந்தார், ஒரு வெள்ளிக்கிழமை. நான் ஜும்ஆவுக்குப் போயிருந்தேன். கடைக்குப் பின்னால்தான் வீடு. அவர் அங்கே போய்க் கூப்பிட, திரைக்குப் பின்னாலிருந்து என் கூட்டாளி பேசியிருக்கிறாள்.

நான் பள்ளிவாசலிலிருந்து திரும்பியபோது எதிர்க் கடை வாசலில் மச்சான் வாயெல்லாம் பல்லாக நின்றார்.

"தங்கச்சிக்கு என்ட சலாம் செல்லுங்க மச்சான்!"

உள்ளே ஓடினேன்.

"துரைக்கிட்ட என்னத்த செஞ்ச?"

"இந்தக் கடைக்கு அந்தக் குடை வாணாம், நானாக்கிட்டயே ஈக்கட்டும் எண்டு எழுதிக் கையெழுத்து வெச்சிக் குடுத்தேன்."

"யாரக் கேட்டு?"

"கூட்டாளி எண்டு நீங்கதானே பேர் போட்டீங்க? என்ட நானாட பொழப்ப என்ட பேர வெச்சே கெடுக்கப் பாத்தீங்களே, வெக்கமா இல்லயா ஒங்களுக்கு?"

வெட்கமாகத்தான் இருந்தது. அதை ஒப்புக்கொள்ள விடாமல் கோபம் வந்தது. திரும்பவும் பிரக்கிராசியாரிடம் ஓடினேன்.

"அண்டைக்கே சொன்னனான்," என்றார். "வேணுமெண்டால் கூட்டைக் கலைக்கலாம். பாதிக் கடை அவவுக்குப் போகும்."

வீட்டுக்கு வந்து அதையும் சொல்லி மிரட்டிப் பார்த்தேன். அவள் அலட்டிக்கொள்ளவேயில்லை. "தாங்க. என்ட பாதியில நானாட குடையத்தான் விப்பேன்."

கூட்டு இன்றுவரை கலையவில்லை. பிள்ளைகளின் கல்யாணப் பேச்சில் நான் தொண்டையைச் செருமி ஒரு முடிவு சொன்னால் போதும், மச்சான் சம்பந்தி வீட்டார் பக்கம் திரும்பி, "கொஞ்சம் பொறுங்க, இன்னும் பாதிக் கடைதான் பேசி ஈக்கி," என்பார்.