பல்லாவரத்தில் கூவியது நான்தான்

எனக்குக் கூச்சம் அதிகம். கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸில் வரும்போது எங்கள் ஊர் நிறுத்தத்தில் வேறு யாரும் இறங்கவில்லை என்றால், "நிறுத்துங்க" என்று சொல்ல வாய் வராமல் அடுத்த நிறுத்தம் வரை போய், கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே திரும்பி நடந்து வந்தவன் நான். ஐந்தாம் வகுப்போடு நான் பள்ளியை விட்டதற்கு வீட்டில் வறுமையைக் காரணம் சொல்வார்கள். வாத்தியார் எழுப்பிக் கேள்வி கேட்பாரே என்ற பயம்தான் உண்மையான காரணம் என்பது யாருக்கும் தெரியாது. (இப்போது தெரிந்துவிட்டது.)

கல்யாணமாகிச் சில வருஷத்தில் எனக்கும் என் மனைவி அஞ்சலைக்கும் சென்னையில் ஒரு துணிக் கம்பெனியில் வேலை கிடைத்தது. அவளுக்குச் சட்டைகளில் பிசிறு வெட்டும் வேலை. எனக்கு மூட்டை தூக்கும் வேலை. வேலை கிடைத்த ஊரில் வீடு கிடைக்கவில்லை. போன இடத்தில் எல்லாம் நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தலை குனிந்து நிற்பவனைத் திருடன் என்று நினைப்பார்கள் போலிருக்கிறது. என்னைப் பார்த்ததுமே காலியாக இருந்த வீடுகூட நிரம்பிவிடும்.

கடைசியில் பல்லாவரத்தில் வரிசையாக அறைகள் கட்டி விட்டிருந்த ஓர் அம்மாவிடம் அஞ்சலையே பேசினாள். சமையலும் படுக்கையும் ஒரே அறையில்தான். அந்த வாடகைக்கு எங்கள் ஊரில் ஒரு காணி நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உழுதிருக்கலாம்.

"இந்தா பாரும்மா" என்றார் வூட்டுக்கார அம்மா. "ஆடு, கோழி, நாய், பூனை எதுவும் ஆவாது. முன்ன இருந்தவன் புறா வளத்து மாடிய நாறடிச்சிட்டுப் போனான். ஒரு சத்தம் கேட்டுச்சு, அன்னிக்கே காலி."

"எங்க வூட்ல சத்தமே வராதுங்கம்மா. இவர பாத்தா தெரியலிங்களா?" என்றாள் அஞ்சலை. அந்த அம்மா என்னைப் பார்த்தார். தெரிந்தது போலிருக்கிறது, சாவியைக் கொடுத்துவிட்டார்.

ஊரில் எங்களிடம் ஒரு சேவல் இருந்தது. அதை இருவருமே அவரிடம் சொல்லவில்லை.

அது சாதாரணச் சேவல் இல்லை. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போன கரும்பு டிராக்டரிலிருந்து விழுந்து என் இடது கால் உடைந்தபோது, "கால் கூடினா ஆடிக்கு ஒரு சேவல் அறுக்கறேன்" என்று அஞ்சலை முனியப்பனிடம் வேண்டிக்கொண்டாள். கால் கூடியது. சேவலும் கொழுத்தது. நேர்ந்துவிட்டதை விற்கக் கூடாது, நாமே அடித்துத் தின்னக் கூடாது, அதற்குப் பதில் வேறொன்றையும் கொடுக்கக் கூடாது. என் தம்பியிடம் விட்டுவிட்டு வரலாம் என்றேன்.

"உன் தம்பி கைல குடுத்தா ஞாயித்துக்கெயம தாண்டுமா? உன் காலு, நீயே முடிவு பண்ணிக்கோ" என்றாள்.

என் காலில் லேசாக வலி எடுத்தது. சேவலை ஒயர் கூடையில் வைத்து, துண்டால் மூடி, கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறினேன். "இன்னாய்யா அதுல?" என்றார் கண்டக்டர். நான் பதில் சொல்லவில்லை. சேவல் சொல்லிவிட்டது. அதற்கும் டிக்கெட் போட்டார்.

அறையின் மூலையில் கூடையைக் கவிழ்த்து, மேலே போர்வை போட்டு, அதன்மேல் சாக்கும் போட்டேன். இருட்டாகவே இருந்தால் விடியவில்லை என்று நினைத்துக்கொள்ளும் என்பது என் கணக்கு. ஊர் மாறிய திகைப்பில் முதலில் அது கூவவே இல்லை. அதனால் எனக்கு நிம்மதி வந்ததா? இல்லை. படுத்தால் எழுந்து கூடையைத் தொட்டுப் பார்ப்பேன். கம்பெனியில் மூட்டை தோளில் இருக்கும், காது பல்லாவரத்தில் இருக்கும். பக்கத்தில் விமான நிலையம். விமானம் தாழ்வாகப் பறக்கும்போதெல்லாம், "கூவறதா இருந்தா இப்பக் கூவித் தொலை" என்று சேவலைக் கெஞ்சுவேன். அது கழுத்தைச் சாய்த்து என்னைப் பார்க்கும்.

ஒருநாள் விடியற்காலை. அஞ்சலை தண்ணீர் லாரிக்குக் குடம் எடுத்துக்கொண்டு போயிருந்தாள். ஒரு விமானம் போய், அடுத்த விமானம் வருவதற்கு முன் தெருவே அடங்கிக் கிடந்தது. அதற்காகவே காத்திருந்தது போல, முனியப்பன் கோயில் வரைக்கும் கேட்கும்படி சேவல் கூவியது.

உடனே கதவு தட்டப்பட்டது. வூட்டுக்கார அம்மா நின்றார். பின்னால் பல் துலக்கிக்கொண்டே நாலைந்து குடித்தனக்காரர்கள்.

"இன்னாப்பா சத்தம்? உள்ள கோழி வச்சிக்கினு இருக்கியா?"

இருக்கிறது என்றால் அன்றைக்கே வீடு போகும். வீடு போனால் இருவருக்கும் வேலை போகும். சேவலைத் துரத்தினால் கால் போகும். எதையாவது சொல்ல வேண்டும். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக என் வாயிலிருந்து பதில் உடனே வந்தது.

"நான்தாங்க கூவினேன்."

"நீயா?"

"ஆமாங்க. ஊர்ப் பழக்கம்ங்க."

(எங்கள் ஊர்க்காரர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.)

அந்த அம்மா இடுப்பில் கை வைத்தார். "எங்க, கூவு பாப்போம்."

பஸ்ஸை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்ட நான், லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, கழுத்தை நீட்டிக் கூவினேன். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே வந்தது. பல் துலக்கிக்கொண்டிருந்த ஒருவர் நுரையோடு கை தட்டினார்.

தன் எல்லைக்குள் இன்னொரு சேவலா என்று உள்ளே இருந்தவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. என்னைவிட இரண்டு மடங்கு சத்தமாகப் பதில் கூவினான்.

"கூவினது நீ. உள்ள யாரு, உன் தம்பியா?" என்றார் அந்த அம்மா.

அதே நேரம் அஞ்சலை தண்ணீர்க் குடத்தோடு வந்து சேர்ந்தாள். "யோவ், இன்னாய்யா பண்ணிக்கினு இருக்க? ஒரு டீ கேக்க வாய் வராது, தெருவுல நின்னு கூவறியா?" என்று குடத்தைப் பொத்தென்று வைத்தாள். பிறகு சுற்றி நின்றவர்களைப் பார்த்துப் புரிந்துகொண்டு, கால், டிராக்டர், முனியப்பன் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். சொல்லிவிட்டு, "நாங்க காலி பண்ணிடறோங்கம்மா" என்று அழத் தொடங்கினாள். நான் தரையைப் பார்த்தேன். அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வேலை.

முனியப்பன் பெயரைக் கேட்டதும் அந்த அம்மாவின் கை இடுப்பிலிருந்து இறங்கியது. "சாமி சேவலா? மொதல்லயே சொல்லக் கூடாதா? அத வெளிய தொரத்தி அந்தப் பொல்லாப்பு எனக்கு எதுக்கு?" மாடியை நிமிர்ந்து பார்த்தார். "மாடில கட்டு. ஆடி வரைக்கும் அது கூவட்டும்." என்னை நோக்கி விரலை நீட்டினார். "நீ கூவாத."

ஆடியில் சேவலை முனியப்பனிடம் சேர்த்தோம். ஒரு தூக்குக் குழம்பு பல்லாவரத்துக்கும் வந்தது. அந்த அம்மா சாப்பிட்டுவிட்டு, "கொரலு நல்லா இருந்துச்சு, கறிதான் முத்தல்" என்றார்.

போன வருஷம், அதே பல்லாவரத்தில் பிறந்து வளர்ந்த என் மகளுக்கு நிச்சயம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் எல்லாவற்றையும் பேசி முடித்தும் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. மாப்பிள்ளையின் அப்பாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "பொண்ணோட அப்பா பேசவே மாட்டாருங்களா? இதுல அவருக்கு இஷ்டம் இல்லியா?" என்று கேட்டார். கூடத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த வூட்டுக்கார அம்மா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "இஷ்டம்லாம் இருக்கு. அவரு பேச மாட்டாருங்க. ரொம்ப நெருக்கினா கூவுவாரு."

சம்பந்தி விவரம் கேட்டுத் தெரிந்துகொண்டார். இப்போதெல்லாம் போன் செய்வார். நான் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வழக்கம் போல் சும்மா இருப்பேன். அந்தப் பக்கம் அவர் கொஞ்சம் காத்திருந்துவிட்டு, "பரவால்ல சம்பந்தி, கூச்சப்படாதீங்க, கூவுங்க" என்பார்.