ஃபென்சிங் தெரிஞ்ச மாப்பிள்ளை

வாள் பிடித்து விளையாடுகிற எல்லாருக்கும் ஒரு கேள்வி வந்தே தீரும்: நிஜமாகவே சண்டை என்று வந்தால் இது உதவுமா? கேட்பவர்கள் சிரித்துக்கொண்டுதான் கேட்பார்கள். நாமும் சிரித்துக்கொண்டே எதையாவது சொல்லித் தப்பித்துவிடலாம். என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டவர் சிரிக்கவில்லை. அவர் எனக்கு மாமனாராக வரவேண்டியவர். எனக்குக் கல்யாணம் நடக்குமா நடக்காதா என்பதே நான் சொல்லப்போகிற பதிலில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் ஜொகூர் மாநிலத்துக் கூலாய்க்காரன். செனாய் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. பயந்த சுபாவம். (மரியாதைக்காக அப்படிச் சொல்கிறேன். மேனேஜர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலே கழிப்பறைக்கு ஓடுவேன்.) அந்தப் பயம் தெளியட்டும் என்றுதான் ஜொகூர் பாருவில் ஒரு மன்றத்தில் ஃபென்சிங் கற்றுக்கொள்ளச் சேர்ந்தேன். வெள்ளை உடை, கம்பிவலை முகமூடி, மெல்லிய வாள். அந்த வாள் வெட்டாது. அதன் நுனியில் ஒரு பொத்தான் இருக்கும். ஆள்மேல் பட்டால் விளக்கு எரியும், நடுவர் நிறுத்தச் சொல்வார், இரண்டு பேரும் நல்ல பிள்ளைகளாக நிறுத்திவிடுவோம். பதினான்கு மீட்டர் நீளமான ஒரு பட்டையின்மேல் முன்னால் போகலாம், பின்னால் வரலாம், பக்கவாட்டில் இறங்கக்கூடாது. இவ்வளவு ஒழுங்கான சண்டையை நான் எங்கேயும் பார்த்ததில்லை. அதனாலேயே எனக்குப் பிடித்துப்போயிற்று. ஒருமுறை மாநிலப் போட்டியில் அரையிறுதி வரைக்கும் போனேன். (என்னோடு மோதவேண்டிய இரண்டு பேர் அன்றைக்கு வரவில்லை. அதை நான் யாரிடமும் சொல்வதில்லை.)

அதே தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருந்தவள் ஷாலினி. நாங்கள் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று முடிவுசெய்து, அவள் வீட்டிலும் சொல்லிவிட்டாள். அவள் அப்பா ஆறுமுகம், பெக்கோக் பக்கம் ஓர் எஸ்டேட்டில் மண்டோராக ஆள்களை மேய்த்து ஓய்வுபெற்றவர். விஷயம் காதில் விழுந்து பல மாதமாகியும் மனுஷர் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. தொழிற்சாலையை இன்றைக்குத் திறப்பான், நாளைக்கு மூடுவான்; கையில் ஒரு தொழில் இல்லாதவனை நம்பி எப்படிப் பெண்ணைக் கொடுப்பது என்பது அவர் கட்சி.

ஒருநாள் ஷாலினி சாப்பாட்டு வேளையில் ஓடிவந்தாள். நான் ஃபென்சிங்கில் இருக்கிறேன், அதுவும் ஸ்டேட் லெவலில் இருக்கிறேன் என்று போனில் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவைத்தாளாம். அப்பாவுக்கு ஒரே சந்தோஷமாம். இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று அவளையே கோபித்துக்கொண்டாராம்.

"ஞாயித்துக்கெழம வரச் சொன்னாரு. சாமானெல்லாம் மறக்காம எடுத்துட்டு வரணுமாம்" என்றாள்.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. வாள் விளையாட்டைக் கேட்டு இவ்வளவு மகிழ்ந்துபோகிற மண்டோர் எப்படிப்பட்ட மண்டோராக இருப்பார்? அந்தக் காலத்துச் சிலம்பக்காரரோ என்னவோ. பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு வந்து நின்றுவிட்டால்? அந்த வாரம் முழுக்க இராத்தூக்கம் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை யொங் பெங் தாண்டி, சாஆவில் பெட்ரோல் நிலையத்தைப் பார்த்ததும் வண்டியை நிறுத்திவிட்டுக் கழிப்பறைக்கு ஓடினேன். திரும்பி வந்து காரில் உட்கார்ந்து, மறுபடியும் ஓடினேன். பக்கத்து இருக்கையில் இருந்த ஷாலினி தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள்.

வீட்டில் தேத்தண்ணி, முறுக்கு, பலமான உபசாரம். ஆறுமுகம் அங்கிள் என் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இவ்வளவு மெத்தென்று இருக்கிறதே என்றார். கையுறை போடுவேன் என்றேன். அதுதான் நல்லது என்று தலையாட்டிவிட்டு விசாரணையை ஆரம்பித்தார். கம்பியெல்லாம் நல்ல கம்பியா? வெளிநாட்டுக் கம்பி அங்கிள். துருப் பிடிக்குமா? துடைத்து வைத்தால் பிடிக்காது. (நாங்களும் வாளைக் கம்பி என்றுதான் செல்லமாகச் சொல்வோம். எவ்வளவு விஷயம் தெரிந்தவர் என்று அசந்துபோனேன்.) நீளம் எவ்வளவு போகும் என்றார். பதினான்கு மீட்டர், உலகம் பூராவும் அதுதான் அளவு என்றேன். அவர் முகம் கொஞ்சம் வாடியது. நமக்கு அது பத்தாதே தம்பி என்றார். ஏதோ ஆழமாகச் சொல்கிறார் என்று நினைத்து, பழகப் பழகப் பத்தும் அங்கிள் என்றேன்.

அப்புறம்தான் அந்தக் கேள்வி வந்தது.

"சரி தம்பி, நெசமா கேக்குறேன். காட்டுப்பன்னி வந்து முட்டுனா தாங்குமா?"

நிஜச் சண்டைக்கு உதவுமா என்பதைத்தான் எஸ்டேட் பாஷையில் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். ஷாலினி சமையலறை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கே தடுமாறினால் எல்லாம் போச்சு.

"தாங்கும் அங்கிள். எது வந்தாலும் தாண்டிப் போவ முடியாது" என்றேன்.

அவர் எழுந்து என் தோளில் தட்டினார். அப்படியென்றால் பின்னால் வந்து கொஞ்சம் கைவரிசையைக் காட்டுங்கள், சாமானோடு வாருங்கள் என்று சொல்லிவிட்டு முன்னே நடந்தார். எனக்கு உலகமே கைக்குள் வந்துவிட்டது. குளியலறைக்குள் போய் வெள்ளை உடை, வெள்ளைக் காலுறை, கையுறை எல்லாம் மாட்டினேன். முகமூடியைக் கவிழ்த்துக்கொண்டு, வாளை ஏந்தி, கொல்லைப்புறம் இறங்கினேன்.

கொல்லையில் மரவள்ளித் தோட்டம். அதற்கு அந்தப் பக்கம் செம்பனைக் காடு. இரண்டுக்கும் நடுவில் சரிந்துபோன ஒரு கம்பி வேலி, அதில் ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை. ஓட்டைக்கு முன்னால் அங்கிள் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் பிளையர், காலடியில் புதுக் கம்பிச் சுருள். என்னை மேலும் கீழும் பார்த்தார். பார்வை முகமூடியில் வந்து நின்றது.

"வெல்டிங்கும் பண்ணுவீங்களா?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம் நாட்டில் எந்த டவுனுக்குப் போனாலும் கடைப் பலகையில் கிரில், கேட், ஃபென்சிங் என்று எழுதியிருக்கும். ஃபென்சிங் என்றால் வேலி அடைக்கிற வேலை. ஸ்டேட் லெவல் ஃபென்சிங் என்றால் மாநிலம் முழுக்க வேலி அடைக்கிற பெரிய குத்தகைக்காரன். அந்தக் குத்தகைக்காரனுக்குத்தான் இவர் தேத்தண்ணி கொடுத்தார். எனக்கில்லை.

முகமூடிக்குள் வேர்த்துக் கொட்டியது. எப்படி ஆரம்பிப்பது என்று நான் வாயைத் திறப்பதற்குள், ஓட்டை வழியாகக் காட்டுப்பன்றி உள்ளே வந்தது.

(பெரிய நாய் அளவு இருந்ததாக ஷாலினி சொல்கிறாள். நான் பார்த்தபோது அது எருமை அளவு இருந்தது.) அங்கிள் சட்டென்று பக்கவாட்டில் ஒதுங்கினார். பன்றி என் வெள்ளை உடையைப் பார்த்து உறுமிக்கொண்டு நேராக வந்தது. நானும் முழங்காலை மடித்து, கையை நீட்டி, கற்றுக்கொண்டபடியே பாய்ந்தேன். வாள்நுனி அதன் தோளில் சரியாகப் பட்டது. வாள் வில்லாக வளைந்தது. மன்றத்தில் என்றால் விளக்கு எரிந்திருக்கும், புள்ளி எனக்கு. பழக்கதோஷம், ஆட்டத்தை நிறுத்திவிட்டு நிமிர்ந்து நின்றேன். நடுவருக்காகக் காத்திருந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

பன்றிக்கு எந்த விதியும் தெரியாது. அது நிறுத்தவே இல்லை.

"சைட்ல ஒதுங்குங்க தம்பி" என்று அங்கிள் கத்தினார். பக்கவாட்டில் ஒதுங்குவதா? இத்தனை வருஷப் பயிற்சியில் என் கால்களுக்கு அப்படி ஒரு திசை இருப்பதே தெரியாது. அழகாக, இலக்கண சுத்தமாக, நேர்பின்னாகவே பின்வாங்கினேன். எனக்கு நேர்பின்னால் இருந்தது லோங்காங். வீட்டுக் கழிவுநீர் எல்லாம் போய்ச் சேருகிற அந்தச் சாக்கடைக்குள், முகமூடியோடும் வாளோடும் மல்லாக்க விழுந்தேன்.

ஷாலினி ஒரு பிஸ்கட் டின்னைக் கரண்டியால் தட்டிக்கொண்டு ஓடிவந்தாள். அந்தச் சத்தத்துக்குப் பன்றி திரும்பி, வந்த வழியே போய்விட்டது. அவள் குனிந்து என்னைப் பார்த்தாள். "அலமாக்" என்றாள். ஐயையோ என்பதற்கு எங்கள் ஊர்ச் சொல் அது.

குளித்துவிட்டு அங்கிளுடைய சாரத்தைக் கட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தேன். எல்லா உண்மையையும் ஷாலினி சொல்லி முடித்தாள். அவர் கேட்டுக்கொண்டே பிளையரைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். எனக்கு அவமானத்தில் கண் கலங்கியது. இந்தப் பெண் இனி எனக்கில்லை, நானே இவளைச் சாக்கடையில் தொலைத்துவிட்டேன் என்று நினைத்தேன். கடைசியில் அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்ப வேலிய யாரு கட்டுறது?"

"நான் கட்டுறேன் அங்கிள்" என்றேன். பிளையரை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூட எனக்குத் தெரியாது.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைதோறும் பெக்கோக்தான். கட்டை நட்டேன், சாய்ந்தது. மறுபடி நட்டேன். கம்பி கையைக் கிழித்தது. அங்கிள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எஸ்டேட்டில் யாரையும் பேசியிருக்காத பேச்செல்லாம் என்னைப் பேசினார். ஒருவழியாக வேலி நின்றது. கடைசியில் தகரக் கேட்டை மாட்டினால், தாழ்ப்பாள் வாங்க மறந்திருந்தேன். இவர் வாயைத் திறப்பதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும் என்று, காரில் கிடந்த அந்த வளைந்த வாளை எடுத்துக் கேட்டின் வளையங்களில் செருகினேன். கைப்பிடிக்கு முன்னால் இருக்கிற கிண்ணம் கச்சிதமாகப் போய் முட்டி நின்றது. அங்கிள் எழுந்து வந்து கேட்டைக் குலுக்கிப் பார்த்தார். பிறகு என் கையைத் திருப்பிப் பார்த்தார். அது காய்த்துப்போயிருந்தது.

"ம். கையில ஒரு தொழில் வந்துருச்சு" என்றார். அந்த வருஷமே கல்யாணம் நடந்தது.

கல்யாண மண்டபத்தில் அவர் என்னை எல்லாருக்கும் ஃபென்சிங்கில் இருக்கிற மருமகன் என்றே அறிமுகப்படுத்தினார். இன்றைக்கும் அவர் சொந்தக்காரர்கள் போன் போட்டு, ஓர் அடிக்கு என்ன விலை என்று கேட்கிறார்கள். முதலில் விளக்கிக்கொண்டிருந்தேன். இப்போது விலையைச் சொல்லிவிடுகிறேன்.

வாள் இன்னும் அந்தக் கேட்டில்தான் இருக்கிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் மாமா அவர்களைப் பின்னால் கூட்டிப்போய் அதைக் காட்டுவார். நிஜச் சண்டைக்கு இது உதவுமா என்று அவர்களும் தவறாமல் கேட்பார்கள். நான் வாயைத் திறக்கமாட்டேன். மாமாதான் பதில் சொல்வார்.

"இவரு கையில இருந்தவரைக்கும் ஒதவல லா. கேட்டுல போட்டப்புறம் ஒரு பன்னி தாண்டுனதில்ல."