பத்தாம் சேனலின் ஊமை ஃபோன்

நேரலைக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, டிவி திரையில் எழுத்து போடும் மெஷின் உறைந்துபோனது.

ட்வைலா அணைத்துப் போட்டாள். மறுபடியும் அணைத்துப் போட்டாள். திரையின் அடியில் வரவேண்டிய பட்டை வரவே இல்லை.

"தலையில ஒரு தட்டு தட்டு, கண்ணு," என்றார் காமிராவுக்குப் பின்னால் நின்ற ஆர்வில். ஓய்வுபெற்ற தபால்காரர். சம்பளம் வாங்காத ஒரே காமிராமேன்.

"தட்டிட்டேன். புதுசா எதுவும் எழுத விடமாட்டேங்குது. பழசைத்தான் திறக்குது."

"அப்போ பழசைத் திருத்து."

போன வாரம் லூதரன் சர்ச் மீன் விருந்துக்குப் போட்ட மஞ்சள் பட்டை இருந்தது. 'மீன் விருந்துக்கு முன்பதிவு செய்ய' என்பதை மட்டும் அழித்துவிட்டு, 'பத்தாம் சேனலுக்காக அழைக்க' என்று அடித்தாள். அழகாகப் பொருந்தியது. பெருமூச்சு விட்டாள்.

அதற்குள் படிக்கட்டில் காலடிச் சத்தம். ஹெல்மர் ஃபால்ஸ் நகரமன்றத் தலைவி ஆர்டிஸ் ஹோவ்லண்ட் வந்துவிட்டார். வாசலில் பனி பூட்ஸைக் கழற்றிவிட்டு, எல்லோரையும் போல வெறும் கம்பளி சாக்ஸோடு நூலகத்தின் அடித்தளத்தில் இருந்த ஸ்டுடியோவுக்குள் நடந்து வந்தார். விளக்கு கூசியதால் கண்ணாடியையும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

நாளைக் காலை நகரமன்றத்தில் வாக்கெடுப்பு. சேனலை வைத்துக்கொள்வதா, இழுத்து மூடுவதா? மூன்றுக்கு மூன்று என்று உறுப்பினர்கள் பிரிந்து நிற்க, மிச்சம் ஆர்டிஸின் ஒரு வாக்கு. அது எதிராகப் போனால் பள்ளி ஹாக்கி ஆட்டம் போகும், இவோனின் ஆப்பிள் பை சமையல் நிகழ்ச்சி போகும், ட்வைலாவின் வேலையும் போகும்.

ஆறு மணி. சிவப்பு விளக்கு எரிந்தது.

"நான் ஒளிச்சு மறைச்சுப் பேசமாட்டேன்," என்றார் ஆர்டிஸ், காமிராவைப் பார்த்து. "இதை யாரும் பாக்கிறதில்ல. பாக்கிறவங்க இருந்தா இந்த அரை மணி நேரத்துல பத்து பேர் ஃபோன் பண்ணட்டும். நானே ஆதரவா கையைத் தூக்குறேன். பண்ணலைன்னா நாளையோட கடை சாத்தியாச்சு."

"திரையில கீழ தெரியிற நம்பருக்குக் கூப்பிடுங்க," என்றாள் ட்வைலா.

மேசைமேல் ஃபோன் இருந்தது. மூன்று பேரும் அதையே பார்த்தார்கள்.

அது அடிக்கவில்லை.

பள்ளிக் குழந்தைகளின் ஹாக்கிக் காட்சி ஓடியது. அடிக்கவில்லை. இவோன் பை மாவு பிசைந்த காட்சி ஓடியது. அடிக்கவில்லை. ட்வைலா ரிசீவரைத் தூக்கிக் காதில் வைத்துப் பார்த்தாள். உயிரோடுதான் இருந்தது.

"நீ எடுத்து எடுத்துப் பாத்தா எப்படி அடிக்கும்?" என்றார் ஆர்டிஸ். "எங்க மீன் விருந்துக்கு என் வீட்டு ஃபோன் ஒரு வாரம் ஓயல, தெரியுமா? பாவம் நார்பர்ட், சூப்புக் கிண்ணத்தோட ஃபோன்கிட்டயே உக்காந்திருந்தார். சர்ச் நோட்டீஸுக்கு இருக்கிற மதிப்பு உங்க டிவிக்கு இல்ல. நீங்க இங்க ஈ ஓட்டுறீங்க. இந்தக் குளிர்ல ஓட்டுறதுக்கு ஈயும் கிடையாது."

ஆர்வில் சிரித்துவிட்டு, ட்வைலாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஒருவேளை பட்டை சின்னதாகத் தெரிகிறதோ? அவளுடைய உள்ளங்கையளவு மானிட்டரில் வெறும் மஞ்சள் கோடாகத்தான் இருந்தது. பட்டையை இரண்டு மடங்கு பெரிதாக்கினாள். மினுக்க விட்டாள்.

அடிக்கவில்லை.

"கூப்பிடுற எல்லாருக்கும் இவோனோட ஆப்பிள் பை ஒண்ணு இலவசம்," என்று அறிவித்தாள்.

"பை குடுத்தும் கூப்பிடல," என்றார் ஆர்டிஸ் காமிராவிடம், வருத்தமாகவே. "பாத்தீங்களா? யாரைப் பாத்துக் கேக்கிறேன் நான்? பாக்கிறதுக்குத்தான் ஆள் இல்லையே."

ட்வைலாவுக்குக் கண் கலங்கியது. திரும்பிப் பார்த்தால் காமிராவுக்குப் பின்னால் ஆர்வில் இல்லை.

ட்ரிங்!

பாய்ந்து எடுத்தாள். ஒலிபெருக்கியை அழுத்தினாள். "பத்தாம் சேனல்! சொல்லுங்க!"

"வணக்கம்," என்றது மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசுகிற ஒரு குரல். "நான் ஒரு நேயர். தினமும் பாக்கிறேன். மூடினீங்கன்னா சோறு இறங்காது."

"எங்கேருந்து பேசுறீங்க?" என்றார் ஆர்டிஸ்.

குரல் ஒரு நொடி தயங்கியது. "ஏழாம் எண், பிர்ச் தெரு, ஹெல்மர் ஃபால்ஸ், மினசோட்டா." அத்தோடு நிற்காமல் பின்கோடையும் ஒப்பித்தது.

ஆர்டிஸ் நாற்காலியில் சாய்ந்தார். "ஏழாம் எண் லிண்ட்குவிஸ்ட் வீடு. அவங்க குளிருக்குப் பயந்து நவம்பர்லயே அரிசோனாவுக்குப் போயாச்சு. அதுவும் போக, ஃபோன்ல பின்கோடு சொல்ற ஆள் இந்த ஊர்ல ஒருத்தர்தான். ஆர்வில், மேல நூலக ஃபோனை வச்சிட்டு இறங்கி வாங்க."

"வரேன்மா," என்றது ஃபோன், சொந்தக் குரலில்.

ட்வைலாவுக்குக் காது வரை சூடேறியது. தற்செயலாக மானிட்டரைப் பார்த்தாள். ஆளில்லாத காமிரா மெல்ல மெல்லத் தலை கவிழ்ந்திருந்தது. திரை முழுக்க ஆர்டிஸின் இடது கால். சாக்ஸின் ஓட்டை வழியே பெருவிரல் எட்டிப் பார்த்தது. அதற்குக் கீழே மஞ்சள் பட்டை, மினுக் மினுக்கென்று.

ஓடிப்போய் காமிராவை நிமிர்த்தினாள்.

"என்ன ஆச்சு?" என்றார் ஆர்டிஸ்.

"ஒண்ணுமில்ல மேடம். காமிரா கொஞ்சம்... குனிஞ்சிடுச்சு."

ஆர்வில் மூச்சு வாங்க இறங்கி வந்தார். "நான் பண்ணது தப்புத்தான். ஆனா நான் நேயர்ங்கிறது பொய் இல்லம்மா."

"நீங்க காமிராவுக்குப் பின்னாடி நின்னு பாக்கிறவர். உங்களைக் கணக்குல சேக்க முடியாது."

இரண்டு நிமிடம் பாக்கி. ட்வைலா காமிராவுக்கு முன்னால் வந்து நின்றாள். மூன்று வருடமாக இங்கே வேலை செய்கிறாள். ஒரு தடவைகூட அந்தப் பக்கம் நின்றதில்லை.

"யாராவது பாத்துட்டு இருந்தா..." என்றாள். "இருக்கீங்கன்னு நினைச்சுத்தான் தினமும் இந்த விளக்கைப் போடுறேன். அவ்வளவுதான்."

ஃபோன் அசையவில்லை.

ஆர்டிஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தார். அவர் குரல் தணிந்திருந்தது. "நல்ல பொண்ணுதான் நீ, ட்வைலா. ஆனா ஆளில்லாத வீட்டுக்கு விளக்கு எரிக்கச் சொல்லி நான் ஊர்கிட்ட கேக்க முடியாது. நாளைக்கு என் கை உயராது."

ட்வைலா தலையாட்டினாள். சிவப்பு விளக்கை அணைக்கப் பொத்தானில் விரலை வைத்தாள்.

படிக்கட்டில் தடதடவென்று சத்தம். கதவு திறந்தது. ஆர்டிஸின் கணவர் நார்பர்ட் நின்றார். எதிர்வீட்டிலிருந்து பனியில் வீட்டுச் செருப்போடு ஓடி வந்திருந்தார். கழுத்தில் சூப்புத் துண்டு, கையில் கரண்டி.

"நம்ம வீட்டு நம்பரை யாரு டிவியில மினுக்க விட்டது, ஆர்டிஸ்? ஆறு மணியிலேருந்து ஃபோனைக் கீழ வைக்க முடியல, பாதி ஊரு சேனலை மூடாதேங்குது, மீதி ஊரு உன் சாக்ஸுல ஓட்டைங்குது!"